போன வருசக்காரர்

வெயில் ஏறினால், "போன வருசம் இந்நேரத்துக்குச் சிலுசிலுன்னு இருந்துச்சுங்" என்பார். தூறல் போட்டால், "போன வருசம் ஒரு பொட்டுத் தண்ணி உளுகலீங்" என்பார். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் இதமாக இருந்தால்? அதற்கும் கைவசம் உண்டு. "இதெல்லாம் ஒரு நடையாங்? போன வருசம் தார் உருகிக் கால்ல ஒட்டிக்கிச்சு." மூன்றும் நடந்தது ஒரே போன வருசத்தில்தான். கேட்டுவிடாதீர்கள்.

பங்குனி உத்தரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடக்கிற கூட்டம் ஒவ்வொன்றிலும் இவர் ஒருவர் இருப்பார். குருசாமி இல்லாத கூட்டத்தைக்கூடப் பார்த்திருக்கிறேன். போன வருசக்காரர் இல்லாத கூட்டத்தைப் பார்த்ததில்லை. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பச்சை வேட்டி, தோளில் ஈரிழைத் துண்டு, இடுப்பில் சுருக்குப் பை. பைக்குள் வெற்றிலை பாக்கோடு ஊசியும் நூலும், கால் கொப்புளத்தைக் கோத்து நீர் வடிப்பதற்கு. குடை மட்டும் கிடையாது. மழை எப்போது வரும் என்று தெரிந்தவருக்குக் குடை எதற்கு?

2025இல் எங்களோடு கல்லூரிப் பையன் ஒருவன் வந்தான். விவரமானவன். வெள்ளகோவிலுக்கு முன்னாலேயே மடக்கிவிட்டான். "மாமா, போன வருசம் உத்தரம் மார்ச் 25. இந்த வருசம் ஏப்ரல் 11. பதினேழு நாள் தள்ளி வருதுங். வெயில் ஏறாம என்ன பண்ணும்?"

நியாயமான கேள்விதான். பங்குனியில் பௌர்ணமியை ஒட்டி உத்தர நட்சத்திரம் வருகிற நாள் அது. மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் எங்கே வேண்டுமானாலும் விழும். பதினேழு நாளில் கொங்கு நாட்டு வெயில் ஆளே மாறிவிடும். மாமா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தேதி இங்கிலீசுக்காரனுது கண்ணு. உத்தரம் முருகனுது."

பையன் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டான்.

வெள்ளகோவில் தாண்டினால் இரண்டு பக்கமும் கொறங்காடு. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம். மாட்டுக்கே நிழல் பற்றாது, மனிதனுக்கு எங்கே? அதனால் ராத்திரி இரண்டு மணிக்கே எழுப்பி நடக்க விட்டுவிடுவார்கள். பத்து மணிக்குள் ஏதாவது தென்னந்தோப்பில் சாய்ந்துவிட வேண்டும். செருப்பில்லாத காலைத் தார்ரோடு அதற்குமேல் பொறுத்துக்கொள்ளாது. ஓரத்தில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டில் மட்டும் சூடு கொஞ்சம் குறைவு. கொஞ்சம் தாமதமானால் அத்தனை பேரும் அந்தக் கோட்டின்மேல், கயிற்றில் நடக்கிற கழைக்கூத்தாடி மாதிரி, ஒருவர் பின் ஒருவராகப் போவோம். அந்தக் கோடுகூடப் போன வருசம் இன்னும் அகலமாக இருந்ததாம்.

தாராபுரம் வட்டாரத்தில் காற்றாலைகள் அதிகம். ஆடிக் காற்றில் பேயாட்டம் போடுகிறவை, பங்குனியில் பெரும்பாலும் சும்மாதான் நிற்கும். சும்மா நிற்கிற காத்தாடியைப் பார்த்து மழை சொல்வது மாமாவின் தனிக் கலை. வானிலை ஆய்வு மையமாவது "ஓரிரு இடங்களில்" என்று ஒரு வார்த்தை போட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த ஓரிரு இடம் எப்போதும் பக்கத்து ஊராகத்தான் இருக்கும், அது வேறு விஷயம். மாமா ஒதுங்குகிற ஆளில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு அண்ணாந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். "காத்தாடி அசையலீங். மழ வராது. தார்ப்பாய வண்டியிலயே போட்டுடுங்க."

தார்ப்பாயோடு டெம்போ முன்னால் போய்விட்டது.

நாலரைக்கு மேற்கே கறுத்தது. முதலில் காற்று மண்ணை வாரி வாயில் போட்டது. அடுத்து ஆலங்கட்டி. ரோட்டோர மாட்டுக் கொட்டகைக்குள் ஓடி ஒண்டினோம். தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் யார் அரோகரா என்கிறார், யார் ஐயோ என்கிறார் என்று பிரிக்க முடியவில்லை. ஏற்கெனவே அங்கே குடியிருந்த காங்கேயம் காளைக்கு எங்கள் வரவு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மாமா மட்டும் உள்ளே வரவில்லை. கொட்டகையின் தாழ்வாரம் குனிந்து நுழைகிற உயரம். தீர்த்தக் காவடியின் வளைவு நுழையாது. தீர்த்தத்தைத் தரையில் வைக்கவும் கூடாது. காவடி தூக்கிய தம்பி வெளியிலேயே நின்றுவிட்டான். வாய் கட்டிய செம்பில் மழைத் தண்ணீர் இறங்கிவிடக் கூடாதென்று, மாமா தோள் துண்டை விரித்துக் காவடிமேல் போட்டு, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றார். வழுக்கைத் தலையில் கட்டிகள் விழுந்து தெறித்ததைக் கண்ணால் பார்த்தேன். கால் மணி நேரம் இருக்கும். ஆள் நகரவில்லை.

விட்டதும் ஒரு கட்டியைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இது நெல்லிக்கா அளவுங். போன வருசம் உளுந்தது எலுமிச்சங்கா."

பாதி வழியில் திரும்பி வந்திருந்த டெம்போ டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங் மாமா, போன வருசம் முட்டி வலின்னு என்ற வண்டிக்குள்ள படுத்துட்டு வந்தீங்க. எலுமிச்சங்காய எங்கீங்க பாத்தீங்க?"

கொட்டகையே சிரித்தது. மாமா துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "வண்டி மேலதானப்பா உளுந்துச்சு. சத்தத்த வெச்சு அளவு சொல்லத் தெரியாதா எனக்கு?"

போன வருசக்காரர்களைத் தொல்லை என்று சொல்கிறவர்கள் தாராபுரத்துக்கு அப்புறம் நடந்து பார்த்ததில்லை. கொடுமுடியிலிருந்து பழனி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். கடைசி முப்பதில் பக்தி பாதி, பிடிவாதம் பாதி. பாதம் விண்ணென்று தெறிக்கும்போது ஆறுதல் சொல்கிற ஆளைக் கண்டால் அழுகைதான் வரும். சண்டை போட ஆள் கிடைத்தால், மலை கண்ணில் படும்வரை வலி தெரியாமல் வந்துவிடலாம். முருகன் தெரிந்துதான் கூட்டத்துக்கு ஒருவரை அனுப்புகிறான்.

அடிவாரத்தில் எங்களுக்குள் ஒரு பந்தயம். மலைக்கு 693 படி. விஞ்ச் இருக்கிறது, 2004இலிருந்து ரோப் காரும் ஓடுகிறது. முட்டிக்காரர் எந்தப் பக்கம் திரும்புவார்? படிப் பக்கமே திரும்பினார். பாதிக்குமேல் மூச்சு வாங்கி ஒரு படியில் உட்கார்ந்தார். "ஏனப்பா, படி கூட்டிட்டாங்களா? போன வருசம் ஏறுனதே தெரியலியே." போன வருசம் அவர் ரோப் காரில் போனதை டிரைவர் அன்று காலையிலேயே எங்கள் காதில் போட்டிருந்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆலங்கட்டி வாங்கிய மண்டைக்கு அந்த அளவு மரியாதையாவது வேண்டாமா?

தரிசனம் முடிந்து பஞ்சாமிர்த டப்பாவோடு இறங்கி வந்தோம். பையன் மறுபடியும் செல்போனை எடுத்தான்.

"மாமா, அடுத்த உத்தரம் ஏப்ரல் 1. அன்னைக்கு நீங்க மழ வராதுன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

மாமா டப்பாவைத் திறந்து, விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டினார்.

"மத்த நாள்ல மட்டும் நம்புனாங்களாக்கும்?"