ஒரு பல் கூட, ஒரு பல் குறைய

எங்கள் வீட்டில் பல் வைத்தியம் தேவைப்பட்டவர்கள் இரண்டு பேர். முதல் ஆள் நான். தீபாவளி முறுக்கைக் கடித்ததிலிருந்து கீழ்வரிசைக் கடைவாய்ப்பல் முனகிக்கொண்டிருந்தது. இரண்டாவது ஆள் என் மோட்டார் சைக்கிள். அதன் பற்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆகவே, முதலில் அதற்கு வைத்தியம் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

செயின் போட்ட வண்டிகளில், கியர்பாக்ஸ் வாசலில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். பின்வீலில் ஒரு பெரிய பல்சக்கரம். படித்தவர்கள் ஸ்பிராக்கெட் என்பார்கள். எங்கள் மெக்கானிக் பாய்க்கு அது ‘செயின் பாக்கெட்’. என் வண்டியில் முன்னால் 15 பல், பின்னால் 45. சின்னது மூன்று சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று. முன்னால் ஒரு பல்லைக் குறைத்தால் இழுவை கூடும், வேகம் குறையும். ஒரு பல்லைக் கூட்டினால் வேகம் கூடும், இழுவை குறையும். இரண்டும் சேர்ந்து கூடவே கூடாது. ஒரே சம்பளத்தில் வீட்டுக்கடன் தவணையும் நகைச்சீட்டும் கட்டுகிறவர்களுக்கு இதை மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

எனக்கு இரண்டும் கூட வேண்டியிருந்தது. வாரத்தில் ஆறு நாள் மேடவாக்கத்திலிருந்து கிண்டி ஆபீசுக்கு, பள்ளிக்கரணை, வேளச்சேரி நெரிசலில் இரண்டாவது கியரைத் தாண்டாமல் போய் வருகிறவன் நான். வருஷத்துக்கு நாலு நாள் வெளியூர்ப் பயணம். ஆனாலும் யாராவது கேட்டால், ‘நான் டூரிங் ரைடர்’ என்றுதான் சொல்வேன்.

“கம்பெனிக்காரன் கணக்கு போட்டுத்தானே சார் 15 வெச்சிருக்கான்?” என்றார் பாய்.

“அவன் ஊருக்கெல்லாம் பொதுவா வெச்சது பாய். எனக்குன்னு வெக்கல.”

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஸ்பானரை எடுத்தார். மூடியைக் கழற்றியதும், உள்ளே கிரீஸும் ரோட்டு மண்ணும் சேர்ந்து எள்ளுருண்டைப் பதத்தில் அப்பியிருந்தது. அதை ஸ்குரூடிரைவரால் வழித்துப் போட்டார். “கியர்ல போட்டு, பின் பிரேக்கை நல்லா மிதிச்சுக்குங்க சார். இல்லாட்டி நட்டு திரும்பாம வீல் திரும்பும்” என்றார். மிதித்தேன். இந்த முழுத் திட்டத்திலும் நான் உருப்படியாகச் செய்த தொழில்நுட்பப் பணி அது ஒன்றுதான்.

முதலில் 14 போட்டோம். ஒவ்வொரு கியரிலும் ஏழு சதவீதம் கூடுதல் இழுவை. வேகத்தடையில் முதல் கியருக்கு இறங்காமல் இரண்டாவதிலேயே வண்டி துள்ளி ஏறியது. சிக்னலில் பச்சை விழுந்ததும், பின்னாலிருக்கும் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பதற்கு முன்பே கிளம்பினேன். அதைவிட அதிசயம் மைலேஜ். லிட்டருக்கு 35 கொடுத்த வண்டி 36 கொடுத்தது. இரவு தோசைக்கு நடுவே இதை அறிவித்தேன். நான் செயினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் ரோலர் செயினுக்குக் காப்புரிமை வாங்கியதிலிருந்துதான் தொடங்குவேன். 36க்கு வந்து சேர்வதற்குள் தோசை வறட்டியாகிவிட்டது.

மனைவி எதிர்ப்பேச்சு பேசவில்லை. எழுந்துபோய் செலவுக் கணக்கு நோட்டை எடுத்து வந்தாள். என் கெட்ட நேரம், அதில் பெட்ரோலுக்கென்று தனிப்பக்கம் உண்டு.

“மைலேஜ் கூடியிருக்கு, சரி. பெட்ரோல் செலவும் கூடியிருக்கே. எப்படிங்க?”

“அதிகமா ஓட்டியிருப்பேன்.”

“ஆபீசுக்கும் வீட்டுக்கும்தானே ஓட்டினீங்க? போகும்போது எவ்வளவு காட்டுது?”

“15 கிலோமீட்டர்.”

“போன மாசம் வரைக்கும் 14ன்னு எழுதியிருக்கேன். ஆபீஸ் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சா?”

ஆபீஸ் அங்கேயேதான் இருந்தது. என் வண்டியின் மீட்டர், வீலைப் பார்த்துக் கணக்கெடுக்கிற ஜாதி இல்லை. கியர்பாக்ஸ் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, முன்னால் 15 பல்தான் இருக்கிறது என்று நம்பித் தூரம் சொல்கிற அப்பாவி. 14 பல்லோடு அதே தூரம் போக கியர்பாக்ஸ் அதிகம் சுற்ற வேண்டியிருந்தது. மீட்டரும் வஞ்சனையில்லாமல் ஏற்றிச் சொல்லிவிட்டது. உண்மைக் கணக்குப்படி மைலேஜ் 34ஆகக் குறைந்திருந்தது.

பொய் அதோடு நிற்கவில்லை. திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஜி.எஸ்.டி. சாலையில் போனபோது, மீட்டரில் 75 காட்ட, நிஜத்தில் 70இல் போய்க்கொண்டிருந்தேன். எஞ்சின் அலறிய அலறலில் கைப்பிடி அதிர்ந்து உள்ளங்கை மரத்துப்போனது. கண்ணாடியில் பின்னால் வந்த ஒரு லாரி நாலு லாரியாகத் தெரிந்தது. பாத்திரம், பீரோ, கட்டில் என்று சீர்வரிசை ஏற்றிய ஒரு மினி வேன் எங்களைத் தாண்டிப் போயிற்று. “அது நாம போற கல்யாணத்துக்குத்தான்னு நினைக்கிறேன்” என்றாள் மனைவி பின்னாலிருந்து.

ஆகவே 16. பாய் ஒன்றும் கேட்கவில்லை. நானே போய்ப் பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றேன்.

இந்தத் தடவை கொல்லிமலைக்குக் கிளம்பினோம். உளுந்தூர்பேட்டை வரைக்கும் சொர்க்கம். மீட்டர் 75 என்று அடக்கமாகச் சொல்ல, வண்டி 80இல் போயிற்று. எஞ்சின் வாயே திறக்கவில்லை. மேம்பாலம் வந்தால் மட்டும் ஐந்தாவது கியர் திணறும், நாலுக்கு இறங்க வேண்டும். எதிர்க்காற்று அடித்தாலும் நாலுதான். கல்யாணத்துக்கு வந்து, போட்டோவுக்கு மட்டும் நின்றுவிட்டுப் போகிற பெரியப்பா மாதிரி இருந்தது ஐந்தாவது கியர். அதை நான் மனைவியிடம் சொல்லவில்லை.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள், மானம் போகும்போது இடம் குறித்துக்கொள்ள வசதியாக. 16 பல்லால் போன இழுவை ஆறு சதவீதம்தான். ஆனால் பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பை, நடுவில் அவள் பிரிய மறுத்த புளிசாதத் தூக்கு. வளைவில் திரும்பும் அளவுக்கு மெதுவாகப் போனால், முதல் கியரிலும் எஞ்சின் தொண்டையைக் கனைத்தது. கிளட்சைப் பாதி பிடித்து, பாதி விட்டு, பத்து வளைவுக்குள் கருகின வாடை வந்துவிட்டது. பதினேழாவது வளைவில் வண்டி அணைந்தது. மேலேயிருந்து பஸ் ஒன்று இறங்கி வந்து, மூக்குக்கு நேரே நின்று, ஹாரனைக் கையிலெடுத்தது.

மனைவி தூக்கோடு இறங்கினாள். “நீங்க வளைஞ்சு வாங்க. நான் நடந்தே மேல ஏறி நிக்கிறேன்.”

அப்புறம் அதுவே பழக்கமாயிற்று. வளைவு வந்தால் இறங்குவாள், நேர்ரோடு வந்தால் ஏறிக்கொள்வாள். மலையில் இறங்கி ஏறி இறங்கி ஏறி அவள் கொல்லிமலையைப் பாதிக்கு மேல் காலாலேயே பார்த்துவிட்டாள். உச்சிக்குப் போனதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “இப்ப ஆபீஸ் எத்தனை கிலோமீட்டர்?”

“13.1” என்றேன்.

திரும்பி வந்து மூன்று ராத்திரி பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். முன்னால் பெரிசு போட்டதால் இழுவை போயிற்று. அப்படியானால் பின்னாலும் பெரிசு போட்டால் இழுவை திரும்பி வரும்! முன்னால் ஒரு பல், பின்னால் மூன்று பல்லுக்குச் சமம் என்று பாயே ஒருமுறை சொல்லியிருந்தார். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, 48 பல் சக்கரம் ஒன்று வாங்கினேன். பல் கூடியதால் பழைய செயின் எட்டாது. இரண்டு கண்ணி கூடுதலாக, புதுச் செயின். கூலியோடு 3,200 ரூபாய். பல் டாக்டருக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம், பல்லுக்கே போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வண்டி அருமையாக ஓடியது. ஊருக்குள்ளும் இழுத்தது, ஹைவேயிலும் கத்தவில்லை. டெய்லிக்கும் டூருக்கும் பொருந்துகிற கணக்கை நான் கண்டுபிடித்துவிட்டேன். இரவு ரெனால்டிலிருந்து ஆரம்பித்தேன். ஏழாம் வகுப்பில் விகிதப் பாடம் நடந்துகொண்டிருந்த மகள், தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“அப்பா, 48ஐ 16ஆல வகுத்தா 3.”

“ஆமா!”

“முன்னாடி 45, 15ன்னு சொன்னீங்கல்ல? அதுவும் 3தான்.”

சட்னிக்குக் கடுகு வெடிப்பது மட்டும் கேட்டது. சமாளித்துக்கொண்டு, பெரிய பல்சக்கரத்தில் செயின் அவ்வளவு மடங்காது, தேய்மானம் குறையும், ஆயுசு கூடும் என்றேன். அத்தனையும் உண்மைதான். உண்மையைச் சொல்லியும் திருடன் மாதிரி முழித்தது அன்றைக்குத்தான். மறுநாள் மீட்டரைப் பார்த்தேன். ஆபீஸ் கொஞ்சமும் பிசகாமல் 14 கிலோமீட்டருக்கே வந்து சேர்ந்திருந்தது.

கழற்றிய சாமான்கள் வீணாகவில்லை. 14 பல், பெட்ரோல் பில்கள் பறக்காமல் கணக்கு நோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 45 பல்லை மனைவி மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, புளி போட்டுத் தேய்த்து, சாப்பாட்டு மேஜையில் புரிமணையாக்கிவிட்டாள். ரசச்சொம்பும் அதில் ஆடாமல் நிற்கிறது, குக்கரும் நிற்கிறது.

கடைசியில் என் பல்லுக்கும் நாள் வந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ரொம்ப நாள் விட்டுவிட்டீர்கள், எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்.

“ஒரு பல் குறைஞ்சா ஒண்ணும் ஆகாதே, டாக்டர்?” என்று கேட்டேன், வாயைத் திறந்தபடியே.

அவர் பதில் சொல்வதற்குள், மூலையில் என் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் சொன்னாள்: “ஆபீஸ் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போகும்.”