குரோமோசோம் குறைந்துவிட்டதா, அம்மா?

டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்குப் பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதல். கடைசிவரை அது கூடவே இருக்கும். இது மருத்துவம். ஏதாவது ஒரு பிறந்தநாளில் அது கழன்று விழுந்திருக்கலாம். இது அரசாங்கம்.

நம்பாதவர்கள் 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டி நெறிகளைப் புரட்டுங்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஐந்து வயதில் மாற்றுத்திறனாளிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். பத்தில் மறுபடியும். பதினெட்டில் மறுபடியும். அதன் பிறகுதான் ஆயுளுக்கும் செல்லும் சான்று. நடுவில், சலுகைக்குத் தேவையான நாற்பது சதவீதக் குறைபாடு முப்பத்தொன்பதாகி, அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் கஜானா என்ன ஆவது?

டி. கல்லுப்பட்டியில் இருக்கும் தாய்க்கு இதன் பொருள் எளிது. திருமங்கலம் தாண்டி மதுரைக்குப் போக வேண்டும். சுமார் 40 கிலோமீட்டர். வளர்ந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். அன்றைக்குக் கூலி கிடையாது. நூறு நாள் வேலைக்கு 2024-25இல் தமிழகத்துக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். அந்த ஆண்டில் மாநில அரசு தந்த பராமரிப்புத் தொகை மாதம் 2,000. நாளுக்கு 67 ரூபாய்கூடத் தேறாது. அந்த 319ஐ விட்டுவிட்டு வீட்டில் உட்கார், இந்த 67ஐ வைத்துக்கொள். திட்டம் அவ்வளவுதான். இதற்கும் ஒரு நன்றிக் கூட்டம் உண்டு, மாலை உண்டு, மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 உண்டு. அன்றைக்கு ஒரு சக்கர நாற்காலியைக் கொடுக்க எட்டுப் பேர் கை வைப்பார்கள். படத்தில் நாற்காலியே தெரியாது.

கல்லுப்பட்டிக்குக் கணக்கு புதிதல்ல. லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துவிட்டு, காந்தியோடு சேர்ந்து, கிராமத்து ஏழையின் வரவு செலவை எழுதப் போன ஜே.சி. குமரப்பா, தம் கடைசி ஆண்டுகளில் தங்கியிருந்தது இந்த ஊர் காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான். 1960இல் மறைந்தார். நல்லவேளை. 2017இல் வந்த ஜிஎஸ்டி அட்டவணையை அவர் தணிக்கை செய்ய நேரவில்லை. பட்டை தீட்டாத வைரத்துக்கு வரி 0.25 சதவீதம். தங்கத்துக்கு 3. சக்கர நாற்காலிக்கு 5. ஊன்றுகோலுக்கும் 5. பாவம், வைர வியாபாரிகள் நடக்கவே சிரமப்படுகிறவர்கள்.

சரி, பள்ளிக்கூடமாவது? பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கே சிறப்பாசிரியரையும் பிசியோதெரபிஸ்ட்டையும் அனுப்ப வட்டார வள மையம் இருக்கிறது. உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. அதனால்தான் அவர்களைத் தொகுப்பூதியத்தில் வைத்திருக்கிறோம். சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக்கல்வித் திட்டத்தின் பணத்தில்தான் இதெல்லாம் ஓடுகிறது. 2024-25க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை டெல்லி நிறுத்தி வைத்தது. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் சென்னை கையெழுத்துப் போடவில்லையாம். டெல்லி தரவில்லை என்று இங்கே பேட்டி. சென்னை ஒத்துக்கொள்ளவில்லை என்று அங்கே பேட்டி. பயிற்சி இல்லாவிட்டால் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் தசை இறுகிக்கொண்டே போகும். தசைக்குக் கூட்டாட்சித் தத்துவம் தெரியாது.

இப்படி எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுவிடாதீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கடைசியாக எண்ணியது 2011இல். தமிழகத்தில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள் என்றார்கள். அந்தப் படிவத்தில் ஆட்டிசத்துக்கென்று ஒரு கட்டமே இல்லை. 2016 சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. 2021 கணக்கெடுப்போ நடக்கவே இல்லை. சட்டத்தில் இருக்கிறார்கள், கணக்கில் இல்லை.

இத்தனையையும் தாண்டி ஒரு தாய் பிள்ளையைப் பதினெட்டு வயதுவரை கொண்டுவந்துவிட்டாள் என்று வையுங்கள். ஊட்டி, குளிப்பாட்டி, கழுவிவிட்டு, தூக்கிச் சுமந்து. அன்றோடு சட்டத்தின் கண்ணில் அவள் யாரோ. அவனுக்காகக் கையெழுத்துப் போடவும், அவன் பங்குச் சொத்தைக் காக்கவும் அவள் பாதுகாவலர் சான்று வாங்க வேண்டும். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, இவள் தகுதியானவள்தானா என்று பார்க்கும். பதினெட்டு வருடம் எந்தக் குழுவும் எட்டிப் பார்க்காத வீட்டுக்காரி. இப்போது அவளுக்கு நேர்முகத் தேர்வு!

அரசால் ஒருவர் வீடு தேடி வரவே முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். முடியும். 2024 மக்களவைத் தேர்தலில் வந்தார்கள். நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள வாக்காளர் ஒரு படிவம் கொடுத்தால் போதும். அதிகாரிகள், போலீஸ், வீடியோ எடுக்க ஓர் ஆள் என்று ஒரு படையே வாசலுக்கு வரும். வாக்குச்சீட்டு, பெட்டி, மறைப்புத் தட்டி எல்லாம் கையோடு வரும். அந்த வாக்காளர் சீட்டை மடித்துப் போடும்வரை பொறுமையாக நிற்பார்கள்.

"சார், இதே மாதிரி அந்தச் சான்றிதழையும்..." என்று அந்தத் தாய் ஆரம்பித்தால் பதில் தயாராக இருக்கிறது.

"அது வேற டிபார்ட்மென்ட்டும்மா."