லேசா சுகர்

இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. அந்தப் பத்துக் கோடியில் ஒருவருக்குக்கூட 'நிறைய சுகர்' கிடையாது. எல்லோருக்குமே 'லேசா'தான்.

நம்மவரும் அப்படித்தான். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். "பார்டர்லதான் சார் இருக்கு" என்பார். பதினைந்து வருஷமாக அதே பார்டர். காலையில் அரை மாத்திரை என்று தொடங்கியது வேளைக்கு இரண்டாகிவிட்டது. பார்டர் மட்டும் நகரவில்லை.

சீனியை அவர் அறவே விட்டுவிட்டார். காபிக்கு நாட்டுச்சர்க்கரை, பாயசத்துக்குக் கருப்பட்டி. "கெமிக்கல் இல்லாதது, ஒண்ணும் பண்ணாது." மூன்றிலும் பெரும்பகுதி ஒரே சுக்ரோஸ்தான், ரத்தம் நிறம் பார்ப்பதில்லை என்று மகள் சொல்லிப் பார்த்தாள். அவள் படித்தது இன்ஜினீயரிங் என்பதால் அது எடுபடவில்லை. ராத்திரி அரிசியும் கிடையாது; சப்பாத்தி. நான்கு சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா.

அவருடைய உண்மையான திறமை வெளிப்படுவது ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய நான்கு நாட்களில். திங்கட்கிழமை லேப் என்றால் வியாழக்கிழமையே வீட்டில் பாகற்காய் வாசம் வந்துவிடும். ஊறவைத்த வெந்தயம், நாவல் கொட்டைப் பொடி, பார்க்கில் பத்து ரவுண்டு. திங்கள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்ததும், எதிர் ஓட்டலில் எண்ணி இரண்டே இட்லி. சட்னி கூடப் பட்டும் படாமல். தினமும் சாப்பிடுவதைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் லேபில் சொல்லி அனுப்புகிறார்கள். தினமும் சாப்பிடும் ஆறு இட்லி, ஒரு வடை அன்றைக்கு மட்டும் நினைவுக்கு வராது.

அடுத்த இரண்டு மணி நேரம் லேப் வராந்தாவில் நடை. சாப்பிட்டபின் நடந்தால் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பது மெய்யான விஷயம். வருஷம் முழுக்கச் செய்ய வேண்டிய அந்த நல்ல காரியத்தை இவர் ரிப்போர்ட்டுக்காக மட்டும் வைத்திருக்கிறார். "உட்காருங்க சார்" என்று நர்ஸ் நாற்காலியைக் காட்டினால், "முதுகு பிடிச்சுக்கும்மா" என்று அடுத்த சுற்றுக்குப் போய்விடுவார்.

போன ஆனி மாதம் கோயிலுக்குப் போனார். பகல் பதினொன்றரை மணி, வெளிப்பிராகாரக் கல் அடுப்பாய்க் கொதிக்கிறது. மற்றவர்கள் குதித்துக் குதித்து ஓட, இவர் மட்டும் நிதானமாக மூன்று சுற்று வந்தார். "சூடே தெரியல, அம்பாள் கிருபை!" மாலையில் அவர் மனைவிதான் பார்த்தார்: இரண்டு உள்ளங்காலிலும் ரூபாய் அகலக் கொப்புளம். நாள்பட்ட சர்க்கரையில் பாத நரம்புகள் மரத்துப்போயிருந்தன.

புண் ஆற மூன்று வாரமானது. இந்த முறை டாக்டர் வழக்கமான சீட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதினார்: எச்.பி.ஏ.1.சி.

வழக்கம்போல் வியாழக்கிழமையே பாகற்காய் வந்தது. வெறும் வயிற்றில் 118. சாப்பிட்டபின் 164. டாக்டரின் மேஜையில் ரிப்போர்ட்டை விரித்து வைத்துவிட்டு மனைவியைப் பெருமையோடு திரும்பிப் பார்த்தார். டாக்டர் மூன்றாவது எண்ணைத் தொட்டுக் காட்டினார். 9. பலருக்கு 7-க்குக் கீழே இருக்க வேண்டியது.

"மெஷின்ல ஏதோ கோளாறு டாக்டர்."

டாக்டர் விளக்கினார். ரத்தச் சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். அதிலுள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொண்டால் அணு சாகும்வரை போகாது. அதனால் இது கடைசி இரண்டு மூன்று மாதத்துச் சராசரி. 9 என்றால் சராசரி சர்க்கரை சுமார் 212. நாலு நாள் பத்தியமெல்லாம் இதில் செல்லாது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு டாக்டர்," என்றார் மனைவி. "வைகாசியில நாலு கல்யாணம், ரெண்டு கிரகப்பிரவேசம். ஒரு கல்யாணத்துல ஜிலேபி சரியா வந்திருக்கான்னு பார்க்க ரெண்டாவது பந்தியிலயும் உட்கார்ந்தார். மாம்பழக் கணக்கு தனி."

மாத்திரையை மாற்றி எழுதி, தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லி, மூன்று மாதம் கழித்து மறுபடி இதே டெஸ்ட் என்றார் டாக்டர். நம்மவர் போனில் காலண்டரைத் திறந்து விரலால் மாதங்களைத் தள்ளினார். முகம் மாறியது.

"அது தீபாவளிக்கு அடுத்த வாரம் வருது டாக்டர். முன்னாடியே எடுத்துடலாமா?"