தலைமாட்டில் ஒரு கழிப்பறை

வேனுக்குள் குடியிருப்பதற்குத்தான் இளைஞர்கள் இப்போது சுற்றுலா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் இது முற்றிவிட்டது. வெளிநாட்டுப் பிள்ளைகள் பலர் வந்து இறங்கியதும் பழைய டொயோட்டா எஸ்டிமாவோ ஹயேஸோ வாங்குகிறார்கள். பின்சீட்டைக் கழற்றிப் பலகை அடித்து மெத்தை போட்டால் கிரகப்பிரவேசம் முடிந்தது. ஊர் திரும்பும்போது, அடுத்து வருகிற பிள்ளையின் தலையில் கட்டிவிடலாம்.

கிறைஸ்ட்சர்ச்சில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனும் ஒன்று வைத்திருக்கிறான். "ஹோட்டலெல்லாம் தண்டம் சித்தப்பா. எங்க வேணா நிறுத்தலாம், எங்க வேணா தூங்கலாம்" என்றான். நாமக்கல் லாரி டிரைவர்கள் காலங்காலமாக இதைத்தான் செய்கிறார்கள். வண்டியோரம் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடிக்கும் அவர்களுக்கு ஒரு லைக் விழுந்ததில்லை.

'எங்க வேணா' என்பதும் சும்மா. கண்ட இடத்தில் தங்குவதை ஒழுங்குபடுத்த 2011-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் சிலர் இயற்கையை ரசித்ததோடு நிற்காமல் இயற்கை உபாதையையும் அங்கேயே தீர்த்துக்கொள்ள, ஊர்க்காரர்கள் கொதித்துப் போனார்கள். 2023-இல் சட்டத்தை இறுக்கினார்கள். உள்ளாட்சி நிலத்தில், விலக்குக் கொடுத்த இடங்கள் தவிர, இரவு தங்க வேண்டுமானால் வண்டிக்குள்ளேயே பொருத்திய கழிப்பறை வேண்டும். தூக்கிக்கொண்டு திரியும் டப்பா செல்லாது. படுக்கையை விரித்த பிறகும் அதில் உட்கார முடிய வேண்டும், தலைக்கும் முழங்கைக்கும் இடம் இருக்க வேண்டும். மூன்று நாளைக்கு ஆளுக்கு 12 லிட்டர் நல்ல தண்ணீர் வேறு. எல்லாம் சரியென்றால் பச்சை அட்டை தருவார்கள். குடிமகனின் முழங்கைக்காக இவ்வளவு கவலைப்பட்ட அரசாங்கத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அண்ணன் மகனோடு அந்த வேனில் நானும் கிளம்பினேன். புக்காக்கி ஏரிக்கரையில் நிறுத்தினோம். எதிரே 3,724 மீட்டர் உயர ஆவோராக்கி சிகரம், பனி போர்த்திக்கொண்டு. கைலாயமே இறங்கி வந்ததுபோல் இருந்தது. என் தலைமாட்டில், ஒரு சாண் தள்ளி, சட்டப்படி அமைந்த கழிப்பறை. நடுராத்திரியில் ஒரு குரல்: "சித்தப்பா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிப் படுங்களேன்." முழங்கைக்கு இடம் கேட்ட சட்டம், பக்கத்தில் படுத்திருக்கும் பெரியவரின் காதுக்கும் மூக்குக்கும் ஏதாவது செய்திருக்கலாம்.

அங்கிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போனால் சாண்ட்ஃபிளை. எள்ளளவு பூச்சிதான், ஆனால் கொசுவைப்போலப் பாடி அறிவித்துவிட்டு வருகிற நாகரிகம் கிடையாது. கதவைத் திறந்தால் கடி, சாத்தினால் முந்தைய நாள் சாம்பார் வாசனை.

டெக்காபோ ஏரியின் நட்சத்திர வானத்தை எல்லோரும் படம் எடுத்துப் போடுகிறார்கள். மறுநாள் காலை, கழிப்பறைக்கு அடியில் கழிவு சேரும் கேசட்டை உருவி, டம்ப் ஸ்டேஷனில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவிழ்க்கும் படத்தை ஒருவரும் போடுவதில்லை.

வேன் எடுக்கப் போகும் பிள்ளைகளே, மெத்தையை அமுக்கிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். கேசட்டை யார் காலி செய்வது என்று முதலில் பேசி முடியுங்கள். தேனிலவுக்குப் போவதாக இருந்தால், நிச்சயதார்த்தத்தன்றே பேசிவிடுங்கள்.