கலைவிடுதியில் தூக்கம்: திருப்புட்குழியை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

கலைவிடுதி என்று பெயர் வாங்கியிருக்கும் தங்குமிடங்களில் விற்பது கலையா, தூக்கமா என்ற கேள்வியை அறிஞர் உலகம் இன்னும் உரிய கவலையோடு அணுகவில்லை. 1984இல் நியூயார்க்கில் மார்கன்ஸ் ஹோட்டலைத் திறந்த ஸ்டீவ் ரூபெல்தான் 'பொட்டிக் ஹோட்டல்' என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டவர் என்பார்கள். அறைகள் குறைவு, அலங்காரம் அதிகம் என்பது அதன் இலக்கணம். சுவரில் அசல் ஓவியம் ஏறினால் அது கலைவிடுதியாகும். வாடகையும் கூடவே ஏறும். கணக்கை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. பகல் 2 மணிக்கு அறை தந்து மறுநாள் 11 மணிக்குச் சாவி கேட்கும் வழக்கப்படி கையில் இருப்பது 21 மணி நேரம். காஞ்சிபுரம் போன்ற ஊரில் கோயில்கள் ஒரு பங்கைக் கொண்டுபோகும். பட்டுக்கடை எவ்வளவு கொண்டுபோகும் என்பது உடன் வந்தவரைப் பொறுத்தது. எட்டு மணி நேரம் தூக்கத்துக்கு. மிச்சம் குளியல், காப்பி, கைப்பேசிக்கு. ஓவியத்துக்குக் கிடைப்பது சட்டைக்குப் பொத்தான் போடுகிற நேரம். ஆக, விருந்தினரும் கலைப்பொருளும் சேர்ந்து கழிக்கும் காலத்தில் பெரும்பகுதியில் விருந்தினரின் கண்கள் மூடியிருக்கின்றன. எனவே ஒரு கலைவிடுதியை அளக்க நேர்மையான அளவுகோல் ஒன்றுதான்: ஆள் தூங்கும்போது அந்தப் பொருள் என்ன செய்கிறது?

இந்த அளவுகோலை வைத்தால் காஞ்சிக்கு மேற்கே, வேலூர் போகும் சாலையையொட்டி இருக்கும் திருப்புட்குழி உலக விடுதிகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. திருமங்கையாழ்வார் பாடிய தலம். பெருமாள் விஜயராகவர், தாயார் மரகதவல்லி. ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இதுவே என்பது ஐதீகம். குளத்துக்கும் ஜடாயு தீர்த்தம் என்றே பெயர். பிள்ளை வேண்டி வரும் பெண்கள் அந்தக் குளத்தில் நீராடி, வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு படுக்கிறார்கள். விடியும்போது பயறு முளைத்திருந்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது நம்பிக்கை. நம்பிக்கையைச் சோதிப்பது இந்த ஆய்வின் வேலையன்று. ஒரு தங்குமிடம் தன் விருந்தினரின் தூக்கத்துக்கு இவ்வளவு பொறுப்பேற்றதற்கு வேறு எங்கே சான்று இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஐந்து நட்சத்திர விடுதி காலை உணவுக்கு உத்தரவாதம் தரும், முளைப்புக்குத் தராது. தூங்குவதற்கென்றே ஏற்பட்ட இடத்துக்கும் இங்கே பஞ்சமில்லை: பக்கத்து ஊரின் பெயரே பாலுச்செட்டி சத்திரம்.

மறுப்புகளுக்கு இந்த ஊர் புதிதன்று. யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட இளைய இராமானுசர், ஆசிரியர் சொன்ன விளக்கத்துக்கு எதிர்விளக்கம் சொன்னதை இத்தலத்தோடு சேர்த்தே சொல்கிறார்கள். அந்த மரபுப்படி முதல் மறுப்பு: அறைக்கு அறை கலை வைப்பதில் காஞ்சி கைலாசநாதர் கோயில் முன்னோடியல்லவா? மெய்தான். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்மப் பல்லவன் எழுப்பிய அந்தக் கோயிலின் முற்றத்தைச் சுற்றி 58 சிற்றாலயங்கள் வரிசையாக நிற்கின்றன. சில அறைகளில் சுண்ணத்துக்கு அடியிலிருந்த பல்லவ ஓவியங்களை 1931இல் ழுவோ துப்ராய் கண்டறிந்தார். சோமாஸ்கந்தர் துண்டு துண்டாக இன்றும் தெரிகிறார். நடுவில் முற்றம், சுற்றிலும் சிற்றறைகள், ஒவ்வொன்றிலும் கலை என்று எந்த உள்ளலங்கார நிபுணரும் பொறாமைப்படும் அமைப்பு. ஆனால் அங்கே தங்குகிறவர் இமைக்காதவர், அறையைக் காலி செய்யாதவர். தூக்கம் என்ற உறுப்பு இல்லாதபோது அதை விடுதி வகையில் சேர்ப்பது முறையாகாது.

இரண்டாம் மறுப்பு கடல் தாண்டி வருகிறது. அமெரிக்காவின் லூயிவில் நகரில் 2006இல் திறந்த 21சி என்னும் அருங்காட்சியக விடுதியில் ஆளுயரத்துக்குக் குறைந்த சிவப்புப் பிளாஸ்டிக் பெங்குவின்கள் உண்டு. நேற்று மாடிப்படியருகே நின்றது இன்று உங்கள் அறை வாசலில் நிற்கும். விருந்தினர் தூங்கும்போது கலை வேலை செய்கிறதே என்பார்கள். செய்யவில்லை, மனிதர்கள் தூக்கி வைக்கிறார்கள். பயறை யாரும் இழுத்து முளைக்கவைப்பதில்லை. செட்டிநாட்டின் வாதம் இதைவிடக் கனமானது. கானாடுகாத்தான் விசாலம் போல விடுதியாகிவிட்ட நகரத்தார் வீடுகளில் தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் கல் அது. நள்ளிரவில் அரைக்கண் மூடியபடி குளியலறைக்கு நடக்கிறவரின் பாதம் அதன் குளிர்ச்சியை முழுதாகப் பெறுகிறது. பார்க்காமலே அனுபவிக்கக் கூடிய கலை என்பதால் இதற்குப் பாதி மதிப்பெண் கொடுத்தே ஆகவேண்டும். சுவரில் சட்டம் போட்டு மாட்டிய காஞ்சிப் பட்டுக்கு அந்தப் பாதியும் கிடையாது. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து கோர்வை போட்டு இணைத்த துணியைக் கட்டிக்கொள்ள விடாமல் கண்ணாடிக்குள் அடைப்பது, கூலிக்கு நெய்தவரிடம் கேட்டால், வேண்டாத வேலை.

கலைஞனின் பெயரைச் சீட்டில் அச்சிட்டு ஒட்டும் பெருந்தன்மை கலைவிடுதிகளிடம் மட்டுமே உண்டு என்பது கடைசி மறுப்பு. திருப்புட்குழிக் கோயிலில் ஒரு குதிரை வாகனம் இருக்கிறது. கால், கழுத்தெல்லாம் கீல் வைத்துப் பூட்டிய மரக்குதிரை, தூக்கி வரும்போது நிஜக்குதிரை போலவே அசையும். அதைச் செய்த தச்சர் இன்னொன்று செய்ய மறுத்து உயிரையே விட்டார் என்றும், அதை மதித்துப் பிரம்மோற்சவத்தின் எட்டாம் நாள் பெருமாளே அவர் பெயரிலான வீதிக்கு எழுந்தருள்கிறார் என்றும் ஊர் சொல்கிறது. படைத்தவனின் வீதிக்குப் புரவலரே நேரில் போகும் ஏற்பாட்டின் முன்னால் சீட்டு எம்மாத்திரம்? இங்கே கலைவிடுதி கட்ட யாராவது நிலம் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மெத்தையை நன்றாகப் போடுங்கள், சுவரைச் சும்மா விடுங்கள், வரவேற்பறையில் அந்தக் குதிரையின் நகலை மட்டும் வைத்துவிடாதீர்கள்.