இருபத்தஞ்சு சுத்துக்கு எத்தனை படி நெல்லு?

வாடா பேராண்டி, இப்புடித் திண்ணையில உக்காரு. மூச்சு வாங்குதா? வாங்கட்டும், அது ஒண்ணுதான் உனக்குக் காசில்லாம கிடைக்கிற சாமான். ஆலங்குடி ரோட்டுல விடியக்காலம் நாலரைக்கு நீ ஓடுறதைப் பாத்துட்டு நேத்து பால்காரன் கேக்குறான், "உங்க பேரன் எவன்கிட்ட கடன் வாங்குனான், இந்த ஓட்டம் ஓடுறான்?"னு. "கடன் இனிமேத்தான் வாங்கணும், அதுக்குத்தான் முன்கூட்டியே ஓடிப் பழகுறான்"னு சொல்லி வெச்சேன்.

உங்கம்மா சொல்றா, நெடுந்தூர ஓட்டம்தான்னு நீ ஒத்தக்கால்ல நிக்கிறியாம். ஓடுறவன் ஒத்தக்கால்ல நின்னா எப்புடிடா? சரி, அதை விடு. ஊரு உலகத்துல இத்தனை ஆட்டம் கிடக்க, இதைப் போயிப் புடிச்சியே! கிரிக்கெட்டுக்காரன் நாலு ஓவர் பந்து போட்டுட்டு ஏலத்துல கோடிக்குப் போறான். நீ 10,000 மீட்டர்னு கிரவுண்டை 25 சுத்து சுத்தி முடிக்கிறதுக்குள்ள, பாக்க வந்தவன் வெளிய போயி டீ குடிச்சு, வடை தின்னு, திரும்பி வந்து "இன்னுமா முடியல?"ம்பான். செக்குமாடு சுத்துனாலாச்சும் எண்ணெ வரும்.

வேணாம்னு சொல்லலடா. சுத்து. ஆனா எதைப் பாத்துச் சுத்துறங்கிறதுல புத்தி வேணும். மீரட்டுப் பக்கத்துப் பொண்ணு பாருல் சவுத்ரி இருக்கே, அது பொழைக்கத் தெரிஞ்ச புள்ள. 2023-ல சீனாவுல ஹாங்சோ ஆசியப் போட்டி. முதல் நாள்தான் ஸ்டீப்பிள்சேஸ் ஓடி வெள்ளி வாங்கியிருக்கு, காலு வெந்து கிடக்கு. மறுநாள் 5,000 மீட்டர். கடைசி முப்பது நாப்பது மீட்டர் வரைக்கும் ஜப்பான்காரப் பொண்ணுதான் முன்னால. அந்நேரம் இதுக்கு மனசுல என்ன ஓடுச்சுங்கிற? தேசியக் கொடியா? உத்தரப்பிரதேசப் போலீசுல தங்கத்துக்கு டிஎஸ்பி வேலை உண்டுங்கிறது ஓடுச்சாம். அதுவே வாயால சொல்லுச்சு. தாண்டிருச்சுல்ல! 2024 ஜனவரியில உத்தரவும் கையில வந்துருச்சு. இதைச் சொன்னா நம்ம வாத்தியாரு மூஞ்சியச் சுளிக்கிறாரு, "நாட்டுக்காகல்ல ஓடணும்"னு. "வாத்தியாரே, நீங்க முதல் தேதி பேங்கு வாசல்ல நிக்கிறது நாட்டுக்காகவா?"ன்னேன். அன்னையிலேர்ந்து இந்தப் பக்கம் வர்றதில்ல.

நம்ம புதுக்கோட்டைச் சீமை லட்சுமணனை எடுத்துக்க. பட்டாளத்துல சேந்தாரு. 2017-ல புவனேசுவரத்துல ஆசிய சாம்பியன்ஷிப், 5,000, 10,000 ரெண்டுலயும் தங்கம். பட்டாளம் சோறு போட்டு, சம்பளமும் குடுத்து, "நீ ஓடு"ன்னு விட்டுச்சு. அதான் சூட்சுமம். மறுவருசம் ஜகார்த்தா ஆசியப் போட்டி. 10,000-ல மூணாவதா வந்து வெண்கலம். ஆனா ஓடுறப்ப உள்பக்கக் கோட்டைத் தாண்டிக் கால் பட்டுருச்சுன்னு மெடலைப் புடுங்கிட்டாங்க. 25 சுத்துல ஒரு அடிடா! நம்மூர்ல வரப்பை ஒரு முழம் தள்ளி வெச்சவனைத்தான் கோயில் கமிட்டியில உக்கார வெச்சிருக்கோம். அப்புறம் டெல்லியில விளையாட்டு மந்திரி கூப்புட்டு, வெண்கலத்துக்கு உண்டான 10 லட்சத்தைக் குடுத்தாரு. அது அவரு நல்ல மனசு. நல்ல மனசை நம்பியா வெள்ளாமை போடுறது?

மராட்டியத்துல பீடு ஜில்லா அவினாஷ் சாப்ளே கதையும் இதேதான். வறட்டுப் பூமி, வெவசாயக் குடும்பம். பட்டாளத்துல சேந்து சியாச்சின் பனியில நின்னு, ராஜஸ்தான் மணல்ல காஞ்சு, 2015-லதான் ஓட்டத்துக்கே வந்தான். 2022-ல பர்மிங்காம் காமன்வெல்த்துல ஸ்டீப்பிள்சேஸ், 8 நிமிசம் 11.20 செகண்டு, வெள்ளி. கென்யாக்காரங்க இருபது வருசத்துக்கு மேல வேற ஒருத்தனையும் அண்ட விடாத மேடை அது. அதுல போயி ஏறி நிக்கிறான்.

உதவித்தொகை இல்லையான்னு கேப்ப. இருக்குடா, ஏன் இல்லாம? டெல்லியில டாப்ஸுன்னு ஒரு திட்டம், பேரு எடுத்தவனுக்கு மாசம் 50,000 கைச்செலவுக்கு. நம்ம ஸ்டேட்டுல எலைட்டுன்னு ஒண்ணு, வருசத்துக்கு 25 லட்சம் வரைக்கும்னு ஆரம்பிச்சாங்க. நெசமாவே பெரிய காரியம், குறை சொன்னா நாக்கு அழுகிரும். ஆனா அதெல்லாம் கதிரு முத்துனப்புறம் தண்ணி வர்ற வாய்க்கா. நீ இப்ப நாத்து. உனக்கு இப்ப வேண்டியது முட்டையும் பாலும் ஒரு சோடி செருப்பும். அந்தச் செருப்பைச் சொல்லு! உள்ள கார்பன் தகடாம், விலை 20,000-க்கு மேலயாம், நானூறு ஐநூறு கிலோமீட்டர் ஓடுனா தேஞ்சுருமாம். நான் அறுபது வருசம் நடந்த பாதத்துக்கு இதுவரைக்கும் ஒரு லாடம்கூட அடிக்கலடா.

அதுக்குள்ள நம்மூர்ப் பயலுவ மாரத்தான்னு ஒண்ணு நடத்துவானுவ. மாரத்தானுன்னா 42 கிலோமீட்டரு, மேக்கொண்டு 195 மீட்டரு. இவனுவ முக்கத்துலேர்ந்து ரேசன் கடை வரைக்கும் அஞ்சு கிலோமீட்டர் ஓட விட்டுட்டு, கொடியசைக்க அஞ்சு கட்சித் தலைவரு, பரிசு ஒரு கோப்பை. அந்தக் கோப்பையில டீ கூட ஊத்திக் குடிக்க முடியாது, அடியில ஓட்டை. அதுக்காக வாரம் ஒரு ஊருன்னு ஓடிக் காலைக் கெடுத்துக்கிட்ட, பாரு.

ஒரு சங்கதி மட்டும் கேலியில்லாம சொல்றேன். நம்ம கத்தக்குறிச்சி சாந்தி. 2006 தோஹா ஆசியப் போட்டி, 800 மீட்டர் வெள்ளி. என்னமோ சோதனைன்னாங்க, வெள்ளியப் புடுங்கிட்டாங்க. நாலு பேரு நாலு விதமாப் பேசுனாங்க, எந்தப் பேச்சும் அந்தப் புள்ள அடுப்புல ஒரு உலையை வெக்கல. 2012-ல செங்கச் சூளையில கல்லு சுமந்துச்சு. நிரந்தரமாக் கோச்சு வேலை கிடைச்சது 2016-ல. பத்து வருசம்டா. அந்தப் பத்து வருசத்தை நெனச்சுத்தான் உன்கிட்ட மல்லுக்கட்டுறேன்.

அதனால, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல நூத்துக்கு 3 இடம் அரசாங்கம் ஒதுக்கியிருக்கு, ரயில்வே இருக்கு, பட்டாளம் இருக்கு. டிகிரியை முடி, டைமிங்கைக் கொண்டு வா, உள்ள நுழை. ஆனா அங்கதான்டா கண்ணி இருக்கு. ஆர்டரு கையில வந்த அன்னைக்கே பாதிப் பேருக்குக் கால் நின்னுரும். டிக்கெட்டு இல்லாதவனைத் துரத்துறப்பத்தான் அப்புறம் ஓட்டமே. வருசம் ஒருதரம் டிபார்ட்மெண்ட் மீட்டுல ஒரு மெடலு, தொப்பைக்கு மேல தொங்கும். சிவநாத் சிங்குன்னு ஒரு பட்டாளத்துக்காரரு, 1978-ல ஜலந்தர்ல மாரத்தானை 2 மணி 12 நிமிசத்துல ஓடுனாரு. எனக்குக் கல்யாணமான வருசம். எனக்குப் பல்லு விழுந்து, உங்கப்பத்தாளுக்குக் கண்ணு மங்குற வரைக்கும் அதை நம்ம நாட்டுல ஒருத்தனும் தொடல. அவரும் சம்பளம் வாங்குனவருதான். சோத்துக்கு வழி பொறந்தப்புறமும் அவரு காலு நிக்கலையே, அது எப்புடின்னு மட்டும் எனக்கு வெளங்கல.

என்ன முழிக்கிற? செருப்பா? சந்தைக்கு அந்தக் கருப்புக் கிடாயை ஓட்டிட்டுப் போறேன், உங்கப்பத்தாகிட்ட நரி தூக்கிருச்சுன்னு சொல்லிருவோம். நீயும் அதையே சொல்லணும். நாளையிலேர்ந்து சைக்கிள்ல நானும் பின்னால வர்றேன், எண்ணிக்கைக்கு. திரும்பி வர்றப்ப கடையில டீ உன் கணக்கு. நாலு மணிக்கு எழுப்பி விடு, எனக்கு அலாரம் காதுல விழாது.