சுற்றாத கிரகத்துக்குச் சுற்றுக்காலம் எதற்கு?

விண்வெளி விளையாட்டுகளில் என்னைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அவர்களுக்கு இப்படி ஓர் ஆள் வாய்த்திருக்க வேண்டாம். எதிரிக் கப்பல்கள் சுற்றி வளைத்து நிற்கும்போது ஹெட்செட்டில், "சிறுகோள் பட்டையில் கற்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்க வாய்ப்பே இல்லை" என்று ஆரம்பிக்கிறவன் நான். நிஜமான பட்டையில் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குச் சராசரியாகப் பத்து லட்சம் கிலோமீட்டர் அளவுக்கு இடைவெளி உண்டு. 1972-இல் கிளம்பிய பயோனியர் 10 விண்கலம் எதிலும் இடித்துக்கொள்ளாமல் அதைக் கடந்து வியாழனுக்குப் போய்ச் சேர்ந்தது. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் கப்பல் வெடித்திருக்கும். "மாமா, முதல்ல சுடுங்க. பாடம் அப்புறம் நடத்தலாம்" என்பான் அக்கா மகன்.

என்னை எதற்கெடுத்தாலும் குற்றம் கண்டுபிடிக்கிறவன் என்று அவன் நண்பர்களிடம் சொல்லிவைத்திருக்கிறான். அது உண்மையல்ல. காற்றில்லாத வெளியில் குண்டுச் சத்தம் கேட்கிறதா, கேட்கட்டும். ஒளியைவிட வேகமாகக் கப்பல் போகிறதா, போகட்டும். பொய்யில்லாமல் விளையாட்டு இல்லை என்று எனக்கும் தெரியும். கணக்கு எழுதிக் காட்டிவிட்டுப் பொய் சொல்கிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

நோ மேன்ஸ் ஸ்கை என்ற ஆட்டம் எந்தக் கணக்கும் காட்டுவதில்லை என்பதால் அதோடு சண்டையும் இல்லை. இங்கிலாந்தின் கில்ஃபோர்ட் நகரில் ஒரு சின்னக் குழு உருவாக்கி 2016-இல் வெளியிட்டது. அதில் உள்ள கிரகங்களின் எண்ணிக்கை 2-இன் 64-ஆம் அடுக்கு. அதாவது 1,84,467 கோடி கோடி. சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக அரிசி கேட்டு ஒருவர் ராஜாவைக் கடனாளியாக்கிய கதை நினைவிருக்கிறதா? அந்த அரிசியின் மொத்த எண்ணிக்கை இதைவிட ஒன்றே ஒன்றுதான் குறைவு. இவ்வளவு கிரகங்களுக்கும் சூரியன்? அது வானத்தில் ஒட்டிய படம். எத்தனை நேரம் பறந்தாலும் பக்கத்தில் போக முடியாது.

அந்த ஆட்டத்தில் ஒரு கிரகத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் பக்கத்துக் கிரகம் பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் 1848-லேயே எதுவார் ரோச் என்ற பிரெஞ்சுக்காரர் கணக்குப் போட்டுவிட்டார்: ஒரு துணைக்கோள் தன் கிரகத்துக்கு ஓர் எல்லைக்கு மேல் நெருங்கிவந்தால், கிரகத்தின் ஈர்ப்பே அதைப் பிய்த்துப் போட்டுவிடும். அப்படித் துண்டாகாமல் தப்பித்தாலும், எழும் அலையில் கடற்கரையோடு சேர்ந்து ஆட்டக்காரரும் அடித்துச் செல்லப்படுவார். நம் நிலா 3,84,400 கிலோமீட்டர் தள்ளி அடக்கமாக இருப்பதால்தான் கடற்கரை ஓரமாக வீடு கட்ட முடிகிறது.

இன்னொன்று, அங்கே கிரகம் முழுக்க ஒரே பருவநிலை. பனி என்றால் துருவத்திலிருந்து துருவம்வரை பனி. பாலைவனம் என்றாலும் அப்படியே. 2025 ஜனவரியில் வியாழனைப் போன்ற வாயுக் கிரகங்களையும் சேர்த்தார்கள். இறங்கி நடக்கலாம்! 1995-இல் நாசாவின் கலிலியோ ஆய்வுக்கலம் நிஜ வியாழனுக்குள் இறங்கியது. ஏறத்தாழ ஒரு மணிநேரம் தகவல் அனுப்பியது. பிறகு அழுத்தத்திலும் வெப்பத்திலும் அடங்கிப்போயிற்று. இங்கே அக்கா மகன் அதே மாதிரி ஒரு கிரகத்தில் புயலுக்கு நடுவே செல்ஃபி எடுக்கிறான். எடுக்கட்டும். அந்த ஆட்டம் தன்னை அறிவியல் புத்தகம் என்று எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை.

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்று ஒன்று உண்டு. தனியாளாக ஆடுவது, இருந்தாலும் இந்த வழக்கில் அது முக்கியமான சாட்சி. அதில் கெர்பின் என்ற கிரகத்தின் ஆரம் வெறும் 600 கிலோமீட்டர். ஈர்ப்போ பூமிக்குச் சமம். இப்படி இருக்க வேண்டுமானால் அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் 58 மடங்கு வர வேண்டும். பூமியில் நாமறிந்த பொருட்களிலேயே அடர்த்தியான ஆஸ்மியம் என்ற உலோகம் 22.6 மடங்கோடு நின்றுவிடுகிறது. இது அண்டப்புளுகு. ஆனால் ராக்கெட் ஏவிச் சுற்றுப்பாதையில் வைக்கும் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஆரம்பத்திலேயே ஒரே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதன் பிறகு கிரகம் சுற்றுவதிலும் ராக்கெட் விழுவதிலும் கணக்குப் பிசகாமல் நடந்துகொள்கிறது. கௌரவமான பொய்.

எனக்கு மிகவும் பிடித்தது ஓகேம். ஜெர்மனியிலிருந்து 2002-இல் வந்தது. பிரவுசரில் ஆடலாம். கண்ணுக்கு விருந்து என்று அதில் ஒன்றும் இல்லை. அட்டவணை, அட்டவணை, மேலும் அட்டவணை. ஆரம்பத்தில் கையில் கொடுக்கும் தாய்க்கிரகத்தின் விட்டம் 12,800 கிலோமீட்டர், கிட்டத்தட்ட நம் பூமிதான். அதில் கட்டடம் கட்ட மொத்தம் 163 மனைகள். பூமி முழுவதற்கும் 163! பைபாஸ் ஓரத்தில் தார்ச்சாலை வசதியுடன் கொடி நட்டு விற்கிற லேஅவுட்டில்கூட இதைவிட அதிக மனை இருக்கும். ஒரு சுரங்கத்தை ஒரு படி உயர்த்தினால் ஒரு மனை காலி. சில மாதங்களில் கிரகமே ஹவுஸ்ஃபுல்.

ஆனால் மனைக்கணக்கை விட்டுவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சூரியனுக்கும் 15 இடங்கள். கிட்டே இருக்கும் கிரகம் கொதிக்கும். அங்கே சூரியசக்திச் செயற்கைக்கோள் கூடுதலாக மின்சாரம் தரும். எட்டப்போனால் குளிர், அங்கே எரிபொருளான டியூட்டீரியம் நன்றாகக் கிடைக்கும். பெரிய பெரிய வரைகலை ஆட்டங்களுக்கெல்லாம் வராத ஞானம் இது.

நிலா விஷயத்தில் ஓகேம் உச்சத்துக்கே போய்விடுகிறது. அங்கே நிலா யாருக்கும் இலவசமாகக் கிடைக்காது. உங்கள் கிரகத்துக்கு மேலே ஒரு போர் நடக்க வேண்டும், கப்பல்கள் நொறுங்க வேண்டும், சிதிலங்கள் மிதக்க வேண்டும். சிதிலம் ஒரு லட்சம் அலகுக்கு ஒரு சதவீதம் என்ற கணக்கில், அதிகபட்சம் 20 சதவீதம் வரை, அது திரண்டு நிலாவாகும் வாய்ப்பு உண்டு. நம் நிலா பிறந்த கதையும் இதுவே என்கிறார்கள் விஞ்ஞானிகள். ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளுக்கு முன் செவ்வாய் அளவுள்ள தேயா என்ற கோள் பூமியில் மோதி, தெறித்த சிதிலம் திரண்டு நிலாவானது. ஓகேமில் நிலா வேண்டுமென்றால் நண்பனிடம் நாள் குறித்துக்கொண்டு, "நாளைக்கு ராத்திரி வந்து என்னை அடிச்சிட்டுப் போ" என்று கேட்டுக்கொள்வார்கள். தேயாவிடம் பூமி அப்படிக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

எலைட் டேஞ்சரஸ் நல்ல மாணவன். 2014-இல் வந்த இந்த ஆட்டம் நம் பால்வீதியையே முழு அளவில் கட்டிவைத்திருக்கிறது. 40,000 கோடி நட்சத்திர அமைப்புகள். கிரகங்கள் தம்மைத்தாமே சுற்றும், சூரியனையும் சுற்றும். 2017 பிப்ரவரியில் டிராப்பிஸ்ட்-1 என்ற நட்சத்திரத்துக்கு ஏழு பாறைக் கிரகங்கள் இருப்பதாக வானியலாளர்கள் அறிவித்தார்கள். ஆட்டக்காரர்கள் போய்ப் பார்த்தால், ஏறக்குறைய அதே இடத்தில் ஆட்டத்தின் கணிப்பொறி தானாகவே ஏழு கிரகங்களோடு ஒரு மங்கலான நட்சத்திரத்தை ஏற்கெனவே உண்டாக்கி வைத்திருந்தது. ஆட்டத்தை உருவாக்கியவர்கள் அதற்கே டிராப்பிஸ்ட்-1 என்று பெயரை மாற்றினார்கள்.

இந்த ஒழுக்கத்துக்கு ஒரு விலை உண்டு. ஆல்ஃபா சென்டாரியில் ஹட்டன் ஆர்பிட்டல் என்றொரு நிலையம். அமைப்புக்குள் நுழையும் இடத்திலிருந்து 0.22 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. நான் போனபோது, ஒளியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகத்தில் பறந்தும் ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆனது. வழியில் பார்க்க ஒன்றுமே இல்லை. அண்டம் அப்படித்தான், பெரும்பாலும் ஒன்றுமே இல்லாதது. போய்ச் சேர்ந்தால் அங்கே விற்கும் ஒரு குவளையை வாங்கிக்கொண்டு திரும்பலாம். நான் இதை ரசித்துப் போய்வந்தேன். அக்கா மகன் பாதி வழியில் சாப்பிடப் போய்விட்டான்.

"அப்ப நிஜம்தான் மாமா வேணும் உங்களுக்கு" என்று அவன் மடக்கப் பார்க்கிறான். நிஜத்தை அப்படியே போட்டால் யார் நம்புவார்கள்? வெள்ளிக் கோளை ஒரு வடிவமைப்பாளர் கொண்டுவந்தார் என்று வைத்துக்கொள்வோம். சூரியனைச் சுற்ற 225 நாள், தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள், அதுவும் எதிர்த்திசையில். "போய்த் தூங்கிவிட்டு வா" என்று அனுப்பிவிடுவார்கள். யுரேனஸ் படுத்துக்கொண்டே சூரியனைச் சுற்றுகிறது. வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் எச்.டி. 189733 பி என்ற புறக்கோளில் ஒலியைவிடப் பல மடங்கு வேகமான காற்றில் கண்ணாடித் துகள்கள் பக்கவாட்டில் பெய்வதாகக் கருதுகிறார்கள். இதையெல்லாம் எந்த ஆட்டத்தில் வைத்தாலும், நான்தான் முதல் ஆளாக நம்ப மாட்டேன்.

கடைசியாக ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்துக்காரர்கள் 2003-இல் தொடங்கிய ஆட்டம். இன்ஜினை நிறுத்தினால் கப்பல் கடலுக்குள் போகிற நீர்மூழ்கிபோல் மெல்ல நின்றுவிடும். நியூட்டனுக்கு அங்கே வேலையில்லை. ஒளியை மிஞ்சும் வார்ப் வேகத்தில் போகும்போது வழியில் ஒரு கிரகம் குறுக்கிட்டால் அதன் வயிற்றுக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடலாம். இதற்கெல்லாம் நான் வாய் திறந்ததே இல்லை.

ஒரு கிரகத்தின் தகவல் பலகையைத் திறந்த அன்றுதான் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறியது. வெப்பநிலை, அடர்த்தி, மேற்பரப்பு ஈர்ப்பு, விடுபடு வேகம், நீள்வட்டப் பாதையின் மையப் பிறழ்ச்சி, சுற்றுக்காலம். தாலுகா அலுவலகச் சான்றிதழில்கூட இத்தனை விவரம் கிடையாது. நிமிர்ந்து ஜன்னல் வழியே பார்த்தால் அந்தக் கிரகம் நின்ற இடத்தில் நிற்கிறது. நேற்றும் அங்கேதான் நின்றது. 2003-இலும் அங்கேதான் நின்றிருக்கும்.

இதே ஆட்டத்துக்குள் 2017-இல் ஒரு நல்ல காரியமும் நடந்தது. கோரோ விண்தொலைநோக்கி பதிவுசெய்த நிஜ நட்சத்திரங்களின் ஒளித் தரவுகளை ஆட்டக்காரர்களிடம் கொடுத்துப் புறக்கோள் தேடச் சொன்னார்கள். ஜெனீவா பல்கலைக்கழகமும் கூட நின்றது. பிறகு 2019-இல் நோபல் பரிசு பெற்ற மிஷேல் மாயோரும் அதில் பங்கெடுத்தார். தேடும் முறை எளிமையானது: கிரகம் தன் நட்சத்திரத்தின் குறுக்கே கடக்கும்போது ஒளி துளி மங்கும்; அது மறுபடி மறுபடி மங்கினால் அங்கே ஒரு கிரகம் சுற்றுகிறது என்று பொருள். ஆட்டக்காரர்களுக்கு அறிவியலைப் பழக்கிய முயற்சி. நானும் உட்கார்ந்து கோடு கோடாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. எங்கள் ஆட்டத்துக் கிரகங்கள் எதுவும் எதன் குறுக்கேயும் ஒருநாளும் கடக்கப்போவதில்லை. இதே முறையில் வேறோர் அண்டத்திலிருந்து யாராவது எங்களைத் தேடினால், ஈவ் உலகில் ஒரு கிரகம்கூட இல்லை என்றுதான் அறிக்கை எழுதுவார்கள்.

ஐஸ்லாந்துக்காரர்களுக்கு என் விண்ணப்பம் இது. கிரகங்களைச் சுற்றவிடச் சொல்லவில்லை. சுற்றினால் ஆட்டக்காரர்கள் குறித்துவைத்த இடங்களெல்லாம் நடுவெளியில் அநாதையாகிவிடும், சர்வரும் திணறும். புரிகிறது. கப்பலைக் கிரகத்துக்குள் விட்டு ஓட்டுங்கள், தடையில்லை. அந்தப் பலகையிலிருந்து சுற்றுக்காலம் என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.